இரண்டு தோளிலும் கறை

திங்கட்கிழமை காலையில் அண்ணி பேருந்தில் ஏறியதும், இரண்டு பேர் உட்காரும் இருக்கையின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் சாப்பாட்டுப் பை. பையின்மேல் இரண்டு கை. பின்னாலேயே ஏறிய சிட்டு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிறுத்தமும் நின்றபடியே வந்தாள். கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் நகந்து உக்காரும்மா. அந்தப் பொண்ணுக்கும் இடம் கொடு."

"அந்தப் பொண்ணுக்குக் கால் இருக்கு," என்றாள் அண்ணி.

சிட்டு அவள் கணவனுடைய தங்கை. ஊரின் ஓரத்தில் இருந்த பெரிய சலவைக்கூடத்தில் இருவருக்கும் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இயந்திரச் சத்தத்துக்கு மேலே சிட்டு "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தி, நாளடைவில் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த சூப்பர்வைசர் அக்காகூட "அண்ணி, இங்க வா" என்றுதான் கூப்பிடுவாள்.

இருவரும் சலவைக்கூடத்துப் பெண்கள் ஹாக்கி அணியிலும் இருந்தார்கள். அண்ணி பின்வரிசையில் கோலைக் காப்பவள், சிட்டு முன்வரிசையில் கோல் போட ஓடுபவள். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு மேல் அணிக்காரர்களுக்கு முதலாளி விடுப்புக் கொடுத்திருந்தார். ஒன்பது வருஷமாக அந்த ஒன்றரை மணி நேரம் அண்ணிக்குச் சொந்தமாக இருந்தது. அந்த நேரத்தில் அவளை யாரும் எதையும் எடுத்துக் கொடு என்று கேட்பதில்லை. மட்டையைக் கையில் பிடித்து மண் மைதானத்தின் கடைசியில் போய் நின்றால், மூச்சு தானாக ஆழமாக வரும். கடவுள் தனக்கென்று தனியாக எதையாவது கொடுத்திருக்கிறார் என்றால் அது இதுதான் என்று அவள் நம்பினாள்.

அதுதான் இப்போது கைநழுவப் பார்த்தது.

வீட்டில் சாயங்காலம் பாத்திரம் துலக்கி முடித்ததும் இருவரும் சிட்டுவின் போனில் பெரிய ஆட்டக்காரர்களுடைய ஆட்டங்களைப் பார்ப்பது வழக்கம். முழு ஆட்டம் பார்க்க நேரம் ஏது? இருபது விநாடி, முப்பது விநாடித் துண்டுகள். அதில் ஒன்றை சிட்டு சேமித்து வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினாள். பின்வரிசைக்காரி ஒருத்தி ஒற்றைக் கையால் மட்டையைத் தரையோடு தரையாக நீட்டிப் பாய்ந்து, எதிராளியின் காலடியிலிருந்து பந்தைப் பறிக்கிறாள். "பாருங்க அண்ணி. இதை நீங்க செஞ்சே ஆகணும். சும்மா மின்னல் மாதிரி இருக்கும்." அண்ணி கட்டில்களுக்கு நடுவில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பாய்ந்து பழகினாள். மெக்கானிக்கான அவள் கணவன் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, "வீடு சுத்தமாச்சோ இல்லையோ, வீட்டுல நடக்க முடியல" என்று சிரித்தான்.

போன சனிக்கிழமை ரொட்டித் தொழிற்சாலைப் பெண்களோடு ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது, கடைசி நிமிஷத்தில், அண்ணி மின்னல் மாதிரிப் பாய்ந்தாள். எதிராளி பந்தை ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான். அண்ணி மண்ணில் நீளமாகக் கிடந்தாள். பந்து கோலில் கிடந்தது.

தோற்றதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்றிருந்தபோது சிட்டு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அண்ணி ஹாக்கி ஆடல. வீடியோ ஆடுறாங்க."

பத்துப் பேரும் சிரித்தார்கள். பயிற்சி கொடுக்கும் தபால்காரரும் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். காட்டினவளே காட்டிக்கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அண்ணி அவளோடு பேச்சை நிறுத்தினாள். தினமும் காலையில் அடுப்பு மூட்டுமுன் கண்ணை மூடி, வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் காப்பாற்று என்று வேண்டுவது அவள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் ஒரு பேரை விட்டுவிட்டு வேண்டினாள். கடவுளுக்குக் கணக்குத் தெரியும், கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

*

சலவைக்கூடத்தில் அண்ணிக்குக் கறை மேசை. ஆஸ்பத்திரிப் போர்வை, விடுதிகளின் மேசைவிரிப்பு, தலையணை உறை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து அவள் முன்னால்தான் கொட்டும். ரத்தம் பச்சைத் தண்ணீருக்கு, எண்ணெய் சோப்புத் தொட்டிக்கு, மை தனியாக. பன்னிரண்டு வருஷத்தில் கறையைப் பார்த்தே ஆளைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு போர்வையை விரித்தால் நோயாளி எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தான் என்பாள். மேசைவிரிப்பைப் பார்த்து, இந்த மூலையில் உட்கார்ந்தவர் இடதுகைக்காரர் என்பாள். நீராவியிலும் சோப்பு வாடையிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் அக்கா ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

விஷயம் இதுதான். ஊரில் புதிதாகச் செயற்கைப் புல்தரை போட்ட மைதானத்தில் பெரிய பெண்கள் அணிகள் பத்து நாள் ஆட வந்திருந்தன. சம்பளம் வாங்கிக்கொண்டு ஹாக்கியே தொழிலாக ஆடுகிறவர்கள். ஓர் அணியின் துணிகள் இவர்கள் கூடத்துக்கு வெளுக்க வந்தன. வெள்ளை ஜெர்சிகள். காலையில் யாரோ அவற்றை நேராக டிரம்மில் போட்டுவிட்டார்கள். வெளியே எடுத்தால் வெள்ளையில் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுத் திட்டுகள்.

"போடும்போது சுத்தமாத்தான் இருந்துச்சு அண்ணி. சாமி சத்தியமா. வெளிய வரும்போது இப்படி."

அண்ணி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "வெயிலுக்குப் பூசுற கிரீம். நம்ம போர் தண்ணியில இரும்பு ஜாஸ்தி. ரெண்டும் சேந்தா இப்படித்தான் நிறம் காட்டும். டிரம்முல போட்டது யாரு?"

அக்காவின் கண் தானாக உலர்த்தி இயந்திரத்தின் பக்கம் போனது. அங்கே சிட்டு தனக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நெனச்சேன்," என்றாள் அண்ணி. "பாக்காம செய்யிறவங்க வீட்டுலயும் இருக்காங்க, இங்கயும் இருக்காங்க." அது உலர்த்திவரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

துருக்கறை எடுக்கும் புளிப்புத் தூளைக் கரைத்து வைத்துக்கொண்டு ஜெர்சி ஜெர்சியாக உட்கார்ந்து தேய்த்தாள். கோபத்தில் கை வேகமாக ஓடியது. ஏழெட்டு முடித்த பிறகுதான் கவனித்தாள். எல்லாவற்றிலும் திட்டு காலரின் பின்பக்கத்தில் இருந்தது, இல்லையென்றால் முகம் துடைத்த கைப்பகுதியில் இருந்தது. நாலாம் நம்பரில் மட்டும் இரண்டு தோள்மேலும் இருந்தது. பிறை மாதிரி, வலதில் ஒன்று, இடதில் ஒன்று. அதுவும் அழுத்தமாக.

தோள்மேல் யார் கிரீம் பூசுவார்கள்? அண்ணி அந்த ஜெர்சியைத் தன் உடம்பில் வைத்துப் பார்த்தாள். தலையை வலது பக்கம் திருப்பினாள். தாடை போய்ச் சரியாக அந்தப் பிறைமேல் உட்கார்ந்தது. இடது பக்கம் திருப்பினாள். அங்கேயும் அப்படியே.

ஒரு ஆட்டத்துக்குள் இத்தனை கறை படிய வேண்டுமானால் எத்தனை தடவை திரும்பியிருப்பாள்? எதைப் பார்க்க?

இன்னொன்றும் இருந்தது. நாலாம் நம்பர் என்றால் பின்வரிசை. பின்வரிசைக்காரியின் காலுறையும் பாவாடையும் முட்டிப் பக்கம் நைந்து வரவேண்டும். இவளுடையது புதுசு மாதிரி இருந்தது. இவள் பாய்வதே இல்லை.

*

அன்று சாயங்காலம் தபால்காரர் ஆட்டக்காரர் பட்டியலை வீட்டுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துப் பெண்களோடு ஆட்டம். பின்வரிசையில் அண்ணியின் இடத்தில் பொட்டலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இருபது வயதுப் பெண். அண்ணி பேர் கீழே, கோட்டுக்கு வெளியே.

"ஒரு வாரம் ஓய்வு எடுக்கலாமே," என்றான் மெக்கானிக், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி.

"ஒரு வாரம் வெளிய உக்காந்தா அப்பறம் அந்த எடம் என்னுதா? பஸ்ஸுல எழுந்து நின்னா உக்காந்தவன் திரும்பக் கொடுப்பானா?"

"சிட்டு, நீ என்ன சொல்ற?"

சிட்டு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, உப்பு கம்மியா இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லு."

"வேணும்னா போட்டுக்கச் சொல்லுங்க," என்றாள் அண்ணி, அவளும் சுவரைப் பார்த்து.

நடுவில் உட்கார்ந்திருந்தவன் உப்புக் கிண்ணத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினான். இரண்டு வண்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் மாதிரி அந்த வாரம் முழுக்க அவன் சாப்பிட்டான்.

*

வெளுத்த துணிகளை வேனில் மைதானத்துக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர ஒரு ஆள் போகவேண்டும். வழக்கமாக யாரும் விரும்பாத வேலை. வெயிலில் வேன் அடுப்பாக இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணி அக்காவிடம் போய், அதை இந்த வாரம் தான் செய்வதாகச் சொன்னாள்.

"உன் மேசையை யாரு பாப்பா? தலையணை உறை அறுநூறு கெடக்கு."

"வந்து பாப்பேன். சாப்பாட்டு நேரத்துல செய்யிறேன்."

மைதானத்தில் அந்த வெள்ளை ஜெர்சி அணியின் ஆட்டம் தொடங்கியிருந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவளைக் காவலாளி கொஞ்ச நேரம் கவனித்தார். விரட்டத்தான் வருகிறார் என்று அண்ணி சண்டைக்குத் தயாரானாள். அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேலியோரம் போட்டுவிட்டு, திரும்பிப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். யாரோடாவது சண்டை போட வேண்டும் என்றிருந்த மனசுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. அவள் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

முதல் ஐந்து நிமிஷம் பழக்க தோஷம், கண் பந்தின் பின்னாலேயே ஓடியது. நாலாம் நம்பர் என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோனது. பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு கண்ணைப் பிடுங்கி அவள்மேல் வைத்தாள். பந்து அந்தக் கோடியில் இருந்தது. போனில் பார்த்தால் படம் பந்தோடு போயிருக்கும், இவள் இருந்த இடமே தெரிந்திருக்காது.

நாலாம் நம்பர் சும்மா இல்லை. வலது தோள்மேல் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். இடது தோள்மேல் பார்த்தாள். இரண்டடி நகர்ந்தாள். மறுபடி வலது. தெருவைக் கடக்கிற தாய் கையில் பிள்ளையோடு பார்ப்பாளே, அப்படி ஓயாமல். பந்து இந்தப் பக்கம் வந்தபோது, அது எந்த வழியாக வர வேண்டுமோ அந்த வழியில் அவள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள். எதிரணிக்காரி அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான். கை தட்டல் இல்லை, மின்னல் இல்லை. அவள் பந்தைத் தொடக்கூட இல்லை.

போனில் வந்த அந்த இருபது விநாடிக்கு முன்னால் பாய்ந்தவள் எங்கே நின்றாள், எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாள் என்பதை யாரும் காட்டவில்லை. பசித்தவனுக்குக் கடைசிக் கவளத்தை மட்டும் காட்டின மாதிரி. அண்ணிக்கு அந்தப் போன்மேலும், போன்காரி மேலும், துடைப்பத்தோடு குதித்த தன்மேலும் ஒருசேரக் கோபம் வந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது மணி ஒன்று. மேசைமேல் அறுநூறு தலையணை உறையும் பிரித்து, கறை பார்த்து, அடுக்கி இருந்தது. கறையுள்ளவற்றின் மூலையில் ஒரு சின்ன முடிச்சு. முடிச்சுப் போடுவது சிட்டுவின் வழக்கம். மற்றவர்கள் ஊசி குத்துவார்கள்.

அண்ணி நேராக உலர்த்திக்குப் போனாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"உன்னைக் கேட்டேனா?"

"எதை?"

"என் வேலையைத் தொடச் சொல்லி உன்னை யாராவது கேட்டாங்களா?"

"யாரு உங்க வேலையைத் தொட்டா? உறை வரலன்னா எனக்கு இங்க உலத்த ஒண்ணுமில்ல. என் வேலைக்காக நான் செஞ்சேன். உங்களுக்காகன்னு பேரு எழுதியா வெச்சேன்?"

"சாப்பிட்டியா?"

வாய் தவறி வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"அதைக் கேக்க வேண்டாம்," என்றாள் சிட்டு. சாப்பிடவில்லை என்பது அவள் தொங்கவிட்டிருந்த பையின் கனத்திலேயே தெரிந்தது. அண்ணி திரும்பி நடந்தாள். தனக்குச் செய்த நல்லதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதபோது மனிதர்களுக்கு வரும் கோபம் ஒன்று உண்டு. மற்ற கோபங்களைவிட அது சூடு அதிகம்.

புதனும் அப்படியே. வியாழனும் அப்படியே. ஒவ்வொரு நாளும் அவள் வேலியோரம் நாற்காலிமேல் நின்றாள். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தபோது முடிச்சுப் போட்ட உறைகள் அடுக்கி இருந்தன. வியாழக்கிழமைதான் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். நாலாம் நம்பரின் வாய் மூடுவதே இல்லை. பின்னால் பார்த்ததையெல்லாம் முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதுகில் கண் இல்லாதவர்களுக்கு அவள் கண்ணாக இருந்தாள். அவள் சொன்னதும் முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்காமலே வழியை மாற்றினாள்.

"அது ஒண்ணுதான் நம்மால ஆகாது. முன்னால நிக்கிறவகூடத்தான் பேச்சே இல்லையே," என்று அண்ணி தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணை மூடி வேண்டும்போது, விட்டுவைத்திருந்த பேர் தானாக வந்து விழுந்துவிட்டது. அண்ணி எரிச்சலோடு கண்ணைத் திறந்தாள். சொன்னதைத் திரும்ப வாங்க அங்கே வழியில்லை. அடுப்பை மூட்டினாள்.

*

அன்று சாயங்காலப் பயிற்சியில் அவள் தபால்காரரைத் தனியாகப் பிடித்தாள். அவர் இன்னும் காக்கிச் சட்டையில் இருந்தார். காலை முழுக்கத் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்துவிட்டு, மாலையில் ஒரு பைசா வாங்காமல் இவர்களோடு மண்ணில் நிற்கிற மனிதர். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் குரல் குறையவும் இல்லை.

"சார், ஞாயித்துக்கிழமை என்னை இறக்குங்க."

"லிஸ்ட் போட்டாச்சும்மா."

"பென்சில்லதானே போட்டீங்க?"

"உனக்கு முப்பத்திநாலு. அந்தப் பொண்ணுக்கு இருவது. ஓடுறா."

"ஓடட்டும். எங்க ஓடணும்னு தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"போன வாரம் வரைக்கும் தெரியாது."

தபால்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவள் முகத்தை முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"சார், உங்க பின்னாடி இப்ப என்ன நடக்குது? திரும்பாம சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"என் பின்னாடி என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன். தண்ணித் தொட்டிகிட்ட மூணு பேரு உக்காந்திருக்காங்க. கோல்கீப்பர் கால்ல பேடு கட்டுறா, ஒரு வாரு அறுந்திருக்கு. புதுப்பொண்ணு தனியா நிக்குறா, பயந்துபோயிருக்கா. சிட்டு நம்மளைப் பாக்காத மாதிரி பாக்குறா."

அவர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சிட்டு சட்டென்று குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தபால்காரர் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

"மூணாவது கால்பகுதி மட்டும். பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள பாஞ்சு விழுந்து கோல் வாங்கினியோ, அடுத்த வருஷம் வரைக்கும் நீ பந்து பொறுக்கிப் போடு. சம்மதமா?"

"சம்மதம்."

"இதை எங்க கத்துக்கிட்ட?"

"அழுக்குத் துணியில," என்றாள் அண்ணி.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. மண் மைதானம் அடுப்பில் வைத்த தகரம் மாதிரி இருந்தது. அச்சகத்துப் பெண்கள் திடமானவர்கள். காகிதக் கட்டுத் தூக்கிப் பழகிய கைகள். பாதி ஆட்டம் முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று. புதுப்பொண்ணு ஓடி ஓடிச் சிவந்துபோயிருந்தாள். ஒரு கோல் அவள் பக்கமாகத்தான் விழுந்திருந்தது.

அண்ணி உள்ளே போகும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இவளால் அல்லவா என் இடம் போனது என்று ஒரு வாரமாக மனசுக்குள் வைத்திருந்ததெல்லாம் அந்தக் கண்ணைப் பார்த்ததும் நிற்கவில்லை. அண்ணி தன் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டாள்.

"அழாதே. நீ நல்லா ஓடுற. இங்க உக்காந்து என்னைப் பாரு. பந்தைப் பாக்காதே. என் தலையைப் பாரு."

விசில் ஊதியது.

வலது தோள். முன்னால். இடது தோள். முதல் இரண்டு நிமிஷம் தலை சுற்றியது. பார்த்தது எதுவும் மனசில் நிற்கவில்லை. பிறகு மைதானம் மெல்ல மெல்ல ஒரே படமாக ஒட்டிக்கொண்டது, கறை மேசையில் விரித்த போர்வை மாதிரி. அச்சகத்து நெட்டைப் பெண் ஒருத்தி இடது ஓரத்தில் பதுங்கி வருகிறாள். அண்ணி இரண்டடி நகர்ந்தாள். பந்தை அடிக்கக் கை ஓங்கியவள் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தள்ளினாள். மறுபடியும் அதே மாதிரி. பாய வேண்டும் என்று கால் துடித்தது. தன் காலையே திட்டி நிறுத்தி வைத்தாள். வெளியே யாரோ, அண்ணி சும்மாதான் நிக்குறா என்று சொல்வது காதில் விழுந்தது. விழட்டும்.

பத்தாவது நிமிஷம் இருக்கும். அச்சகத்துக்காரிகள் மொத்தமாக ஏறி வந்தார்கள். உதவிக்குச் சிட்டு முன்வரிசையிலிருந்து இறங்கி வந்து, நெரிசலில் பந்தைப் பிடித்துவிட்டாள், தன் கோலுக்கு முகம் காட்டியபடி. வழக்கம்போல ஒரு சுழல் சுழன்று வலது பக்கமாகத் தப்பிப் போகப் பார்த்தாள். அதுவும் போனில் கற்ற வித்தைதான். அவள் முதுகுக்குப் பின்னால், வலது பக்கத்தில், நெட்டைப் பெண் மட்டையைத் தாழ்த்திக் காத்துக்கொண்டிருப்பதை அண்ணி மட்டும் பார்த்தாள்.

எட்டு நாள் கோபம் இன்னும் இருந்தது. சொல்லாமல் விட்டால் பந்து போகும், எல்லோர் முன்னாலும் போகும், அவள் வித்தையின் லட்சணம் அவளுக்கே தெரியும். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஒரு இமைப்பொழுது நின்றது.

"சிட்டு! வலதுல ஆளு! திரும்பாதே, எனக்குக் கொடு!"

சிட்டு தலையைத் தூக்கவில்லை. உண்மையா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாதி சுழன்றிருந்த உடம்பை அப்படியே நிறுத்தி, குரல் வந்த திசைக்குப் பந்தைத் தள்ளினாள். நெட்டைப் பெண்ணின் மட்டை வெறும் மண்ணைக் கிளறியது. பந்து அண்ணியின் மட்டைக்கு வந்துசேர்ந்தபோது, இடது ஓரம் காலியாக இருப்பது அவளுக்கு ஏற்கனவே தெரியும். நிமிராமல் நீளமாக அடித்தாள்.

அந்தப் பந்தில் கோல் விழுந்தது என்று எழுதத்தான் ஆசை. விழவில்லை. சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி ஓடிப்போய்ப் பிடித்து அடித்த அடியை அச்சகத்துக் கோல்கீப்பர் காலால் உதைத்து வெளியே தள்ளிவிட்டாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாகவே நின்றது.

மூன்றாவது கால்பகுதி முடிந்து விசில் ஊதினார்கள். எல்லோரும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். அண்ணி மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கூப்பிடுவார் என்று காத்து நின்றாள். தபால்காரர் கூப்பிடவில்லை. கோட்டோரத்தில் புதுப்பொண்ணு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவளிடம் என்னமோ காட்டிக்கொண்டிருந்தார். இருவரும் அண்ணியின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது கால்பகுதிக்கு விசில் ஊதியபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணி தன் இடத்துக்கு நடந்து போனாள்.

*

மறுநாள் காலை கழுத்து கல்லாகிவிட்டது. படுக்கையிலிருந்து எழுந்தவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்க முடியாமல் அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிட்டு வலி மருந்துக் குப்பியோடு பின்னால் வந்தாள். கேட்காமலே அவள் கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுவிட்டு, மாவு பிசைகிற மாதிரிக் கழுத்தைப் பிசைய ஆரம்பித்தாள்.

"மெதுவா."

"மெதுவாத்தான் தேய்க்கிறேன். ஒரே நாள்ல யாராவது இப்படித் திருப்புவாங்களா? ஆந்தை மாதிரி. என் ஃப்ரெண்டு கேக்குறா, உங்க அண்ணிக்கு ஏதாவது வலிப்பான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னியே."

விரல்கள் ஒரு கணம் நின்றன.

"வீட்டுல வந்து சொல்லியிருக்கணும்," என்றாள் சிட்டு.

"ஆமா."

"வீட்டுல சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அண்ணி யோசித்தாள். "கேட்டிருக்க மாட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. அதுக்காக எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? தப்பு தப்புதான்."

"தப்புதான் அண்ணி," என்றாள் சிட்டு. குரல் உடைந்திருந்தது. அவளா இப்படிப் பேசுகிறாள் என்று பார்க்க அண்ணி தலையைத் திருப்பப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. காலை நகர்த்தி, இடுப்பை நகர்த்தி, சுவரை விட்டுவிட்டு, அவள் முழு உடம்போடும் சிட்டுவின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.